அமெரிக்க மாநில அரசுகளில் ஊழலும் லாபியிஸ்டுகளின் செல்வாக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாபியிஸ்ட் என்பவர் யார்? அவர் செய்யும் வேலை சட்டத்துக்கு உட்பட்டதுதானா?

ஒரு நிறுவனத்தின் அல்லது சங்கத்தின் சார்பில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அதிகாரிகளையும் சந்தித்து, ஒரு மசோதா நிறைவேற வேண்டும் என்றோ கைவிடப்பட வேண்டும் என்றோ வாதாடுவதற்காகச் சம்பளம் பெறுபவரே லாபியிஸ்ட். அமெரிக்காவில் இது சட்டபூர்வமான தொழில். அரசிடம் முறையிடும் உரிமையை 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் குடிமக்களுக்கு அளிக்கிறது. அந்த உரிமையின் நிழலில்தான் இந்தத் தொழில் வளர்ந்தது. ஜார்ஜியா மாநிலம் 1877இல் இயற்றிய தன் அரசியல் சாசனத்தில் இதைக் குற்றம் என்றே அறிவித்தது என்றாலும், இன்று அந்த மாநிலம் உட்பட 50 மாநிலங்களிலும் லாபியிஸ்டுகள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டு வெளிப்படையாகவே பணியாற்றுகிறார்கள்.

அப்படியானால் ஊழல் எந்த இடத்தில் தொடங்குகிறது?

இந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு விடையும் பொதுமக்களின் மனசாட்சி வேறொரு விடையும் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் கடந்த 35 ஆண்டுகளில் மிகவும் அகன்றுவிட்டது என்பதே என் கவலை.

சட்டத்தின் பார்வையில், ஒரு குறிப்பிட்ட அரசுச் செயலைச் செய்து தருவதாகப் பேசிக்கொண்டு அதற்கு ஈடாகப் பணமோ பொருளோ வாங்குவதுதான் லஞ்சம். மேற்கு வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சாதகமான சட்டத்தை ஆதரித்துவந்த காலத்தில், அவர்களுடைய லாபியிஸ்டிடமிருந்து ரொக்கம் பெற்றார். மெக்கார்மிக் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1991இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேர்தல் நன்கொடையாகத் தரப்படும் பணத்தைக் குற்றமாகக் கருத வேண்டுமானால் "இதற்கு அது" என்ற வெளிப்படையான உடன்பாடு நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. நன்கொடை வாங்காமல் தேர்தலில் நிற்கவே முடியாத அமைப்பில், நன்கொடையாளருக்கு உதவிய ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அனுபவம் உள்ள எவரும் உடன்பாட்டை வாய்விட்டுப் பேச மாட்டார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

அடுத்து 2016இல் வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் பாப் மெக்டானலின் வழக்கு வந்தது. (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநில நிர்வாகத் தலைவர், நம் முதலமைச்சருக்கு இணையான அதிகாரம் கொண்டவர்.) ஒரு தொழிலதிபரிடமிருந்து அவரும் அவர் மனைவியும் விலையுயர்ந்த கைக்கடிகாரம் உட்பட 1,75,000 டாலருக்கும் மேல் மதிப்புள்ள பரிசுகளும் கடன்களும் பெற்றிருந்தார்கள். அந்தத் தொழிலதிபர் அதிகாரிகளைச் சந்திக்க ஆளுநர் ஏற்பாடு செய்தார், விருந்து நடத்தினார். இவ்வாறு சந்திப்புக்கு ஏற்பாடு செய்வது மட்டுமே "அரசுச் செயல்" ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறி, தண்டனையை ரத்து செய்தது. 2024இல் இன்னும் ஒரு படி இறங்கியது. இந்தியானா மாநிலத்தின் போர்ட்டேஜ் நகர மேயர், நகராட்சி ஒப்பந்தம் பெற்ற லாரி நிறுவனத்திடமிருந்து பின்னர் 13,000 டாலர் வாங்கியிருந்தார். மாநில, உள்ளாட்சிப் பதவியாளர்களின் லஞ்சத்தைத் தண்டிக்கும் கூட்டாட்சிச் சட்டம், முன்கூட்டியே பேசி வைக்காமல் வேலை முடிந்தபின் தரப்படும் அன்பளிப்பைத் தடுக்கவில்லை என்று ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், மூவர் மறுத்தார்கள்.

இந்த மூன்று தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால், முன்கூட்டியே பேசிய பேரம் மட்டுமே குற்றம், நெருக்கமும் நன்றிக்கடனும் குற்றமில்லை என்ற நிலை புரியும். லாபியிஸ்டின் தொழிலோ நெருக்கத்தையும் நன்றிக்கடனையும் உருவாக்குவதையே அடிப்படையாகக் கொண்டது.

எல்லோரும் வாஷிங்டனைப் பற்றியே பேசும்போது, மாநிலத் தலைநகரங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மின்கட்டணம், காப்பீடு, மதுபான உரிமம், சூதாட்ட அனுமதி, பள்ளி, சிறை, நெடுஞ்சாலை, மருத்துவத் தொழிலுக்கான உரிமம் ஆகியவற்றின் பெரும்பகுதியை மாநிலங்களே முடிவு செய்கின்றன. ஒரு வரியில் செய்யப்படும் திருத்தம் ஒரு நிறுவனத்துக்குப் பல கோடி டாலர் லாபம் தரலாம். அதைக் கவனிக்க வேண்டிய கண்களோ குறைந்துவருகின்றன. மாநிலச் சட்டமன்றங்களில் முழுநேரமாகச் செய்தி சேகரிக்கும் நாளிதழ் நிருபர்களின் எண்ணிக்கை 2014க்கும் 2022க்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது.

மாநிலச் சட்டமன்றங்கள் ஏன் இவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கின்றன? உறுப்பினர்கள் பேராசைக்காரர்கள் என்பதாலா?

பேராசைக்காரர்கள் எங்கும் இருக்கிறார்கள். மாநிலச் சட்டமன்றங்களின் உண்மையான பலவீனம் அவற்றின் அமைப்பில் இருக்கிறது. இதைத்தான் இந்தப் பக்கத்தில் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் 400 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் அவை இருக்கிறது. அவர்களுடைய சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர்தான், அதுவும் 19ஆம் நூற்றாண்டில் நிர்ணயிக்கப்பட்டது. மூன்று கோடி மக்களை ஆளும் டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாட்களே நடக்கும். உறுப்பினரின் சம்பளம் ஆண்டுக்கு 7,200 டாலர், அதோடு கூட்ட நாட்களுக்குப் படி. நியூ மெக்சிகோவில் நெடுங்காலமாகப் படி மட்டுமே உண்டு, சம்பளம் கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் உறுப்பினராக இருக்கக்கூடியவர் சொத்துள்ளவராகவோ, ஓய்வு பெற்றவராகவோ, வேறு தொழில் செய்பவராகவோதான் இருக்க முடியும். வேறு தொழில் செய்பவர் வழக்கறிஞராகவோ காப்பீட்டு முகவராகவோ இருந்தால், தன் தொழிலைப் பாதிக்கும் மசோதாவுக்கும் தானே வாக்களிப்பார்.

சம்பளத்தை விடவும் பெரிய குறை, உதவியாளர்கள் இல்லாமை. சில மாதங்களில் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் வந்து குவியும்போது, மின்சாரச் சந்தையின் விதிகளையோ மருந்து விலை நிர்ணய முறையையோ தனியாக ஆராய்ந்து சொல்லப் பல உறுப்பினர்களுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த நேரத்தில் அறைக் கதவைத் தட்டி வருபவர் லாபியிஸ்ட். அவருக்குப் பொருள் தெரியும், 20 ஆண்டுக் கால வரலாறு தெரியும், அண்டை மாநிலம் என்ன செய்தது என்பதும் தெரியும். கேட்ட கேள்விக்கு அன்று மாலையே எழுத்தில் விடை தருவார். பொய் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது என்பதால் பெரும்பாலும் பொய்யும் சொல்ல மாட்டார். தனக்கு வேண்டிய உண்மைகளை மட்டும் சொல்வார். இதில் ஒரு டாலர்கூடக் கைமாறுவதில்லை, ஆயினும் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

பதவிக்கால வரம்பு இதற்கு மருந்தாகும் என்று 1990களில் பலர் நம்பினார்கள். 1990இல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய 140ஆம் முன்மொழிவு, பதவிக்காலத்துக்கு வரம்பு விதித்ததோடு சட்டமன்றத்தின் உதவியாளர் செலவையும் வெட்டியது. உறுப்பினர்கள் ஆறு, எட்டு ஆண்டுகளில் வெளியேறினார்கள், லாபியிஸ்டுகள் அப்படியே இருந்தார்கள். அவையில் அனுபவம் மிக்கவர் யார் என்று பார்த்தால், மக்கள் வாக்களிக்காத ஒருவரே அந்த இடத்தில் நின்றார். 2012இல் அதே மாநிலம் ஓர் அவையில் நீண்ட காலம் பணியாற்ற இடம் தரும் வகையில் வரம்பை மாற்றியமைத்தது.

ஓஹையோவின் "ஆறாம் எண் மசோதா" வழக்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சட்டபூர்வமான வழிகளையே கொண்டு ஒரு மாநில அரசை விலைக்கு வாங்க முடியும் என்று அது காட்டியதால்தான்.

ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்நிறுவனத்தின் துணை நிறுவனம், ஈரி ஏரிக்கரையில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி ஆகிய இரண்டு அணுமின் நிலையங்களை நஷ்டத்தில் நடத்திவந்து, 2018இல் திவால் மனு தாக்கல் செய்தது. அரசு உதவி வேண்டும். அதற்குச் சாதகமான சபாநாயகர் வேண்டும். 2017 முதல் நிறுவனத்தின் பணம் "ஜெனரேஷன் நவ்" என்ற அமைப்புக்குப் போகத் தொடங்கியது. சமூகநலன் சார்ந்த இலாப நோக்கற்ற அமைப்பாக அது பதிவு செய்யப்பட்டிருந்ததால், நன்கொடையாளர் பெயரை வெளியிட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. காலப்போக்கில் அங்கு போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 6 கோடி டாலர்.

அந்தப் பணத்தின் ஒரு பகுதி, 2018 தேர்தலில், குடியரசுக் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் லாரி ஹவுஸ்ஹோல்டரின் ஆதரவாளர்களை வெற்றி பெறச் செய்வதற்குப் பயன்பட்டது. அவர்களுடைய ஆதரவோடு 2019 ஜனவரியில் அவர் சபாநாயகரானார். அதே ஆண்டு ஜூலையில் ஆறாம் எண் மசோதா சட்டமானது. மொத்தம் சுமார் 130 கோடி டாலர் மதிப்புள்ள அந்த உதவியின் பெரும்பகுதி இரு அணுமின் நிலையங்களுக்கு. மாநிலத்தின் மின்நுகர்வோர் ஒவ்வொருவருடைய கட்டணத்திலிருந்தும் அது வசூலிக்கப்படும். பழைய நிலக்கரி மின்நிலையங்கள் இரண்டுக்கும் உதவி உண்டு, அவற்றில் ஒன்று ஓஹையோவிலேயே இல்லை, பக்கத்து இந்தியானாவில் இருக்கிறது.

சட்டத்தை எதிர்த்துப் பொதுவாக்கெடுப்பு கோருவதற்கு 2,65,774 கையெழுத்துகள் தேவைப்பட்டன. சட்டத்தின் ஆதரவாளர்கள் அந்த முயற்சியையும் விட்டுவைக்கவில்லை. சீன அரசு ஓஹையோவின் மின்கட்டமைப்பைக் கைப்பற்றப் பார்க்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். கையெழுத்து வாங்குவோரைத் தடுப்பதற்கு ஆட்களை அமர்த்தினார்கள். மனு இயக்கத்தின் உள்விவரங்களைப் பெற அதில் பணிபுரிந்த ஒருவருக்கு 15,000 டாலர் கொடுக்கப்பட்டது. போதுமான கையெழுத்துகள் சேரவில்லை. சட்டம் நின்றது.

2020 ஜூலையில் ஹவுஸ்ஹோல்டர் கைதானார். ஆயினும் அந்த நவம்பரில் அவர் தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 2021 ஜூனில்தான் அவை அவரை வெளியேற்றியது. 2023 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, ஜூனில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மாநிலக் குடியரசுக் கட்சியின் முன்னாள் தலைவரும் லாபியிஸ்டுமான மேட் போர்ஜஸுக்கு ஐந்து ஆண்டுகள். நிறுவனம் 2021இல் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தன் பங்கை ஒப்புக்கொண்டு 23 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது. மின்கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்படவிருந்தவருக்கு 43 லட்சம் டாலர் கொடுத்ததையும் அந்த ஆவணத்தில் ஒப்புக்கொண்டது.

அணுமின் நிலையங்களுக்கான கட்டணம் வசூலாகத் தொடங்குவதற்கு முன்பே நீதிமன்றம் அதை நிறுத்தியது, 2021இல் சட்டமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. நிலக்கரி நிலையங்களுக்கான கட்டணமோ அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் மக்களிடமிருந்து வசூலிக்கப்பட்டது. குற்றவாளிகள் சிறைக்குப் போன பிறகும் குற்றத்தால் பிறந்த சட்டத்தின் ஒரு பகுதி உயிரோடு இருந்தது என்பது எனக்கு இன்றும் ஏற்றுக்கொள்ள முடியாததாகவே இருக்கிறது.

இல்லினாய் மாநிலச் சபாநாயகராக இருந்த மைக்கேல் மேடிகனின் வழக்கும் மின்நிறுவனத்தைப் பற்றியதுதானே? இது தற்செயலா?

தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மின்விநியோகம் ஏகபோகத் தொழில். அதன் லாபத்தைச் சந்தை நிர்ணயிப்பதில்லை, மாநிலச் சட்டமும் ஒழுங்குமுறை ஆணையமும் நிர்ணயிக்கின்றன. வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக முடியாத தொழிலில், சட்டமன்றத்தைக் கவனித்துக்கொள்வதே லாபத்துக்கான முக்கிய வழியாகிவிடுகிறது.

இல்லினாய் மாநிலத்தின் மைக்கேல் மேடிகன், 1983 முதல் 2021 வரை இரண்டே ஆண்டுகள் தவிர்த்து தொடர்ந்து சபாநாயகராக இருந்தவர். அவருடைய அனுமதி இல்லாமல் முக்கியமான எந்த மசோதாவும் வாக்கெடுப்புக்கு வராது என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள். சிகாகோவின் மின்நிறுவனமான காமன்வெல்த் எடிசன், அவருடைய நெருங்கியவர்களுக்கு வேலைகளும் ஒப்பந்தங்களும் ஏற்பாடு செய்து கொடுத்தது. அவர்களில் சிலருக்குப் பெயரளவில் மட்டுமே வேலை. லாபியிஸ்டுகளின் வழியாக அவர்களுக்குப் போனது சுமார் 13 லட்சம் டாலர். நிறுவனம் 2020இல் இதை ஒப்புக்கொண்டு 20 கோடி டாலர் அபராதம் கட்டியது. மேடிகன் 2025 பிப்ரவரியில் 23 குற்றச்சாட்டுகளில் பத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, ஜூனில் ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேடிகன் ஜனநாயகக் கட்சி, ஹவுஸ்ஹோல்டர் குடியரசுக் கட்சி. இந்த நோய்க்குக் கட்சி வேறுபாடு கிடையாது.

இது அண்மைக் காலத்து நோயா?

இல்லை. 1795இல் ஜார்ஜியா சட்டமன்றம் சுமார் 3.5 கோடி ஏக்கர் நிலத்தை 5 லட்சம் டாலருக்கு நில வணிகர்களுக்கு விற்றது; ஆதரவாக வாக்களித்தவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் அந்த நில நிறுவனங்களில் பங்கு தரப்பட்டிருந்தது. கொதித்த மக்கள் அடுத்த தேர்தலில் அவர்களைத் தோற்கடித்தார்கள், 1796இல் புதிய சட்டமன்றம் விற்பனையை ரத்து செய்தது. ஆனால் 1810இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தை மாநிலம் மீற முடியாது என்று கூறி அந்த ரத்தைச் செல்லாததாக்கியது.

கூட்டாட்சி செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்த காலத்தில், மாண்டனாவின் செப்புச் சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் 1899இல் உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்துப் பதவியைப் பெற்றார். விசாரணைக்குப் பின் 1900இல் பதவி விலகினாலும், 1901இல் மீண்டும் செனட்டரானார். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வழிசெய்த 1913ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தத்துக்கு இத்தகைய ஊழல்களும் காரணம். மாண்டனா மக்கள் 1912இல், நிறுவனங்கள் தேர்தலில் செலவு செய்வதையே தடை செய்தார்கள். நூறு ஆண்டுகள் நின்ற அந்தச் சட்டத்தை, நிறுவனங்களின் தேர்தல் செலவுக்கு வழிவிட்ட 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, 2012இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

மசோதாக்களை நிறுவனங்களே எழுதித் தருகின்றன என்பது உண்மையா?

உண்மை. மாதிரி மசோதாக்களைத் தயாரித்து உறுப்பினர்களிடம் தருவது வழக்கமாகிவிட்டது. 1973இல் தொடங்கப்பட்ட அலெக் என்ற அமைப்பில் சட்டமன்ற உறுப்பினர்களும் நிறுவனப் பிரதிநிதிகளும் ஒன்றாக அமர்ந்து இதைச் செய்கிறார்கள். எட்டு ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட மசோதாக்கள் பெரும்பாலும் இத்தகைய மாதிரிகளிலிருந்து நகலெடுக்கப்பட்டவை என்றும், 2,100க்கும் மேற்பட்டவை சட்டமாயின என்றும் 2019இல் யுஎஸ்ஏ டுடே உள்ளிட்ட இதழ்கள் கூட்டாக நடத்திய ஆய்வு கண்டறிந்தது.

லாபியிஸ்டுகள் எல்லோரும் தீயவர்களா?

இல்லை. மாற்றுத்திறனாளிகளின் சங்கமும், ஆசிரியர் சங்கமும், கிராமப்புற மருத்துவமனைகளும் லாபியிஸ்டுகளை வைத்திருக்கின்றன. அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குரல்கள் சட்டமன்றத்துக்குள் எட்டியே இருக்காது. குறை, ஒருவர் பேசுவதில் இல்லை. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் பேச, மறுபக்கத்துக்கு ஒருவர்கூட இல்லாமல் போவதில் இருக்கிறது. மின்கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு மாதம் ஒரு டாலருக்கும் குறைவான இழப்புக்காகத் தலைநகருக்குப் பயணம் செய்ய முடியாது. நிறுவனத்துக்கு அந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்து நூறு கோடி டாலராகிறது.

பரிசுப் பொருட்களுக்கு வரம்பு விதிப்பது பயன் தருமா?

ஓரளவுக்கு. கலிபோர்னியா வாக்காளர்கள் 1974இல் நிறைவேற்றிய அரசியல் சீர்திருத்தச் சட்டம், ஒரு லாபியிஸ்ட் ஓர் அதிகாரிக்கு மாதம் 10 டாலருக்கு மேல் எதையும் தரக் கூடாது என்றது. 1992இல் வெளிப்பட்ட குதிரைப் பந்தய லஞ்ச ஊழலில் சபாநாயகர் உட்படப் பலர் தண்டிக்கப்பட்ட கென்டக்கியில், அடுத்த ஆண்டே கடுமையான ஒழுக்கச் சட்டம் வந்தது. இப்போது அங்கே லாபியிஸ்ட் ஒரு காப்பிகூட வாங்கித் தர முடியாது. விருந்துகளால் வளரும் நெருக்கத்தை இவை தடுக்கும். தேர்தல் நன்கொடைக்கு மட்டும் வேறு விதி; மதிய உணவு வாங்கித் தரக் கூடாதவர், தன் வாடிக்கையாளர்களிடமிருந்து ஆயிரக்கணக்கான டாலர்களைத் திரட்டித் தரலாம் என்ற நிலை பல மாநிலங்களில் இருக்கிறது.

பதவி விலகியவுடன் லாபியிஸ்டாக மாறுவதற்குத் தடை விதிப்பது இதைவிட வலிமையானது என்பது என் கருத்து. ஃபுளோரிடா வாக்காளர்கள் 2018இல் இந்தக் காத்திருப்புக் காலத்தை ஆறு ஆண்டுகளாக உயர்த்தினார்கள். நாளைய முதலாளியைப் பகைக்க இன்று யாரும் விரும்ப மாட்டார்கள் என்பதால், இந்தத் தடை உறுப்பினரின் கடைசி ஆண்டு வாக்குகளையும் சேர்த்தே காக்கிறது.

மக்கள் நேரடி வாக்கெடுப்பின் மூலம் கொண்டுவரும் சீர்திருத்தங்கள் நிலைத்து நிற்கின்றனவா?

எப்போதும் இல்லை. தெற்கு டகோட்டா வாக்காளர்கள் 2016 நவம்பரில், லாபியிஸ்ட் பரிசுகளுக்கு வரம்பு, தனி ஒழுக்க ஆணையம், தேர்தலுக்குப் பொது நிதி ஆகியவற்றைக் கொண்ட சட்டத்தை நிறைவேற்றினார்கள். மூன்றே மாதங்களில், 2017 பிப்ரவரி தொடக்கத்தில், சட்டமன்றம் அதை முழுமையாக நீக்கியது. நீக்கும் மசோதாவில் "அவசரநிலை" என்ற பிரிவையும் சேர்த்ததால், அதை எதிர்த்து மக்கள் பொதுவாக்கெடுப்பு கோரவும் முடியவில்லை. மிசூரியில் 2018இல் நிறைவேறிய சீர்திருத்தத்தின் தொகுதி வரையறைப் பகுதியை, 2020இல் லாபியிஸ்ட் பரிசை முழுவதும் தடை செய்யும் திருத்தத்தோடு சேர்த்து வாக்கெடுப்புக்கு வைத்து மாற்றினார்கள். ஆகவே இத்தகைய சீர்திருத்தத்தைச் சாதாரணச் சட்டமாக விடாமல், மாநில அரசியல் சாசனத்திலேயே சேர்ப்பது பாதுகாப்பானது.

தேர்தல் செலவை அரசே ஏற்றால்?

மெய்ன் 1996இலும் அரிசோனா 1998இலும் வாக்கெடுப்பின் வழியாக இதை ஏற்றன. கனெக்டிகட்டில் ஆளுநர் ஜான் ரோலண்ட் ஊழல் குற்றச்சாட்டுகளால் 2004இல் பதவி விலகிய பின், 2005இல் சட்டமன்றமே இதை இயற்றியது. வேட்பாளர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிறு நன்கொடைகளைத் திரட்டிக் காட்டினால், மீதியை அரசு தரும். வெளியமைப்புகள் தனியாகச் செலவு செய்வதை இதனால் தடுக்க முடியாது. ஆனால் நன்கொடை கேட்டு லாபியிஸ்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து வேட்பாளரை விடுவிக்கிறது. அந்த விடுதலை சிறியதன்று.

இந்த வழக்குகளைப் பெரும்பாலும் கூட்டாட்சி அரசே தொடுப்பது ஏன்?

குற்ற வழக்குத் தொடுக்கும் மாநில அரசு வழக்கறிஞர்களும் அதே அரசியல் களத்தில் தேர்தலில் நிற்பவர்கள். அவர்களுடைய நிதி ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பதும் அதே சட்டமன்றம். தொலைபேசி ஒட்டுக்கேட்பு, இரகசிய உளவாளிகள் போன்றவற்றுக்கான வசதி கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் இருக்கிறது. இந்தக் காரணத்தாலேயே கூட்டாட்சிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் குறுக்கிக்கொண்டே போவது மாநிலங்களை நேரடியாகப் பாதிக்கிறது: மாநிலங்கள் தங்கள் சொந்த லஞ்ச ஒழிப்புச் சட்டங்களை இறுக்கிக்கொள்ளாவிட்டால், அந்த இடைவெளியை நிரப்ப வேறு யாரும் இல்லை.

ஒரு சாதாரணக் குடிமகன் என்ன செய்ய முடியும்?

ஒரு மசோதாவைத் தேர்ந்தெடுத்துப் பின்தொடருங்கள். அவையில் நடக்கும் இறுதி வாக்கெடுப்பைவிடக் குழுவின் விசாரணைக் கட்டம் முக்கியமானது. ஒரு சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. பல மாநிலங்களில் குழுவின் முன் பொதுமக்கள் பேசலாம், எழுத்தில் கருத்துத் தரலாம். ஆளில்லாத அறையில் ஒரே ஒரு வாக்காளர் வந்து அமர்ந்திருப்பதை உறுப்பினர்கள் கவனிக்கிறார்கள். அந்த மசோதாவுக்காகப் பதிவு செய்துள்ள லாபியிஸ்டுகள் யார், அவர்களுடைய வாடிக்கையாளர் யார் என்பதை மாநில ஒழுக்க ஆணையத்தின் அல்லது மாநிலச் செயலரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். பிறகு அதே வாடிக்கையாளர்களின் பெயர்களைக் குழுத் தலைவருக்கு வந்த நன்கொடைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். கண்டதை உங்கள் உறுப்பினருக்கு எழுதி, இந்த மசோதாவை முதலில் வரைந்து தந்தவர் யார் என்று பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.